மெயில் வரவில்லை, காசும் போகவில்லை: போனில் எதை முதலில் பார்ப்பது

மெயில் வரலை என்று யாராவது போனை நீட்டினால் நான் முதலில் கேட்பது, "கணக்கை நீக்கிட்டீங்களா?" என்றுதான். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். லீவுக்கு வந்த பேரனோ பக்கத்துக் கடைத் தம்பியோ, ஒருதரம் ரிமூவ் பண்ணித் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று அமுக்கியிருப்பார். திரும்பச் சேர்க்கும்போது பாஸ்வேர்டு கேட்கும், அது யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஓடிபி போகிற நம்பரோ எப்போதோ விட்டுப்போன நம்பராக இருக்கும். அதுவரை சின்னக் கோளாறாக இருந்தது அந்த நிமிடம் பெரிய கோளாறாகிவிடும். கணக்கு போனுக்குள் இருக்கும்வரை, பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தாலும் அந்தப் போனை வைத்தே புதிது போட்டுக்கொள்ள பெரும்பாலும் வழி கிடைக்கும். அதனால் கணக்கை நீக்குவது, போனை ரீசெட் அடிப்பது, அவசரப்பட்டுக் காசு கட்டுவது, இந்த மூன்றும் கடைசி.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் அடிக்கடி காதில் விழுகிற புகார்களை, சொல்கிறவர் வாய்மொழியிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனையும் ஜிமெயிலையும் வைத்து எழுதியது. மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் விஷயம் ஒன்றுதான்.

"ஆப்பைத் திறந்தாத்தான் மெயில் வருது, இல்லாட்டி மொத்தமாக் கொட்டுது"

முதலில் எந்த இடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்று பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவர் கனம் என்ன என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் கட்டுக்குள் போனால் டவர் ஒரு கோடு காட்டும், அதுவும் போகும் வரும். முகப்புக்கு வந்து உட்கார்ந்ததும் காலையிலிருந்து வராத மெயில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். இதில் மெயிலின் தப்பு எதுவும் இல்லை, எந்த செட்டிங்கைத் தொட்டாலும் மாறப்போவதும் இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால் அந்தப் பெட்டியை ஆபீஸ் ரூம் மூலையிலிருந்து எடுத்து, வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்த மாதிரி வையுங்கள். திறந்த இடம் இருப்பதால் சுற்றியுள்ள அறைகளுக்கு ஓரளவு எட்டும். போனில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்துவிட்டால் உள்கட்டில் நின்றே பேசலாம்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, பிரவுசரில் புதுப் பக்கம் திறக்கிறது, மெயில் மட்டும் தானாக வரவில்லை என்றால் அப்புறம்தான் செட்டிங்ஸ். ஜிமெயில் ஆப்பில் இடது மேல் மூலையில் மூன்று கோடு, அதில் செட்டிங்ஸ், அதில் உங்கள் ஐடி, உள்ளே 'சிங்க் ஜிமெயில்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அங்கேயே நோட்டிபிகேஷன் என்பதில் 'ஆல்' இருக்கிறதா, 'நன்' இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 வந்த பிறகு ஒவ்வொரு ஆப்பும் நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கேட்கும், நாம் பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று அமுக்கிவிடுகிறோம். அப்படியானால் போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஜிமெயில், நோட்டிபிகேஷன் என்று போய்த் திறந்துவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா, பேட்டரிதான். ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் சார்ஜ் மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடுகிற ஆப்பை எல்லாம் போன் தானே நிறுத்திவிடும். ஆப்ஸ், ஜிமெயில், பேட்டரி என்று போய் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று தனியாக இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். டேட்டா சேவர் ஓடினால் அதில் ஜிமெயிலுக்கு விலக்கு கொடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதனுடனேயே வருகிற மெயில் ஆப்பில் ஜிமெயிலைப் போட்டால் மெயில் உடனுக்குடன் வராது, 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை போய் எடுத்துவரும். உடனே வேண்டும் என்றால் ஜிமெயில் ஆப்பையே தனியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

"பாதுகாப்பான தொடர்பு இல்லைன்னு என்னமோ சொல்லுது"

தேதியைப் பாருங்கள். பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனை எடுத்து உயிர் கொடுத்தால் பழைய வருடத்தில் நிற்கும். தேதி தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். தேதி, நேரம் தானாக அமைக்கட்டும் என்று விட்டால் போதும்.

"எனக்கு அனுப்பினது அவங்களுக்கே திரும்பிருச்சாம்"

இதுதான் இப்போது அதிகம். கோயிலில் இருந்து புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டுவது) கடிதம் அனுப்பியிருப்பார்கள், ஆடிட்டர் ஒரு பேப்பர் அனுப்பியிருப்பார், போன் செய்து "ஆச்சி, உங்க ஐடிக்குப் போகமாட்டேங்குது" என்பார்கள். ஐடியில் எழுத்துப்பிழை இல்லை என்றால், பெரும்பாலும் இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

கூகுள் ஒரு கணக்குக்கு இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15. முன்பு போட்டோக்களைக் கொஞ்சம் சுருக்கிய தரத்தில் வைத்தால் கணக்கில் சேராது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறுகிற போட்டோ எல்லாம் கணக்கில் சேர்கிறது. அதற்கு மேல், வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் ஆண்ட்ராய்டில் இதே 15க்குள் வந்துவிட்டது. அதுவரை அது தனியாக, இலவசமாக இருந்தது. ஆக, மெயிலே எழுதாதவருக்கும் மெயில் நின்றுபோகும். ஒரு கல்யாண வீட்டு வீடியோக்களும், ஊர்க் குரூப், பங்காளிகள் குரூப், பிறந்த வீட்டுக் குரூப் என்று காலை வணக்கப் படங்களும் சேர்ந்தால் 15 ஜிபி எம்மாத்திரம்.

இடம் நிரம்பினால் மெயில் வருவதும் நிற்கும், அனுப்புவதும் நிற்கும். வந்து காத்துக்கொண்டிருக்காது, அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். இடத்தைக் காலி செய்த பிறகு அவர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இடம் கிடைத்த பிறகும் "இன்னும் வரலையே" என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கூகுள் ஒன் ஆப்பில் பட்டையாகப் போட்டுக் காட்டும். அதைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் பேக்கப் பெரிதாக இருந்தால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் வீடியோ சேர்க்க வேண்டாம் என்று வைத்து ஒருமுறை பேக்கப் எடுங்கள். பல வீடுகளில் இது ஒன்றிலேயே பல ஜிபி விடுபட்டுவிடும். மெயில் பெரிதாக இருந்தால் தேடும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் லார்ஜர் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று அடியுங்கள். 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில் எல்லாம் வரிசையாக வரும். எப்போதோ மகன் அனுப்பிய வீடு ரிப்பேர் போட்டோக்கள் அதில்தான் இருக்கும். வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதுவரை இடமும் பிடித்திருக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கைக்கு வரும்.

போட்டோஸில் மட்டும் கவனம். கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடில், அதாவது கூகுளிடம், இருப்பதும் போகும், போனில் இருப்பதும் போகும். கிளவுடில் மட்டும் அழிகிறது என்று நினைத்து, ஐயாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை இழந்தவர்கள் உண்டு. முதலில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள், நகல் திறக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கை வையுங்கள்.

காசு கட்டலாமா என்றால், சுத்தம் செய்த பிறகும் 12, 13 ஜிபி நிற்கிறது, போட்டோவை விட மனசில்லை என்பவர்கள் கட்டலாம். கூகுள் ஒன் என்ற பெயரில் விற்கிற 100 ஜிபி திட்டம் பல ஆண்டுகள் மாதம் 130 ரூபாய், வருடத்துக்கு 1,300 ரூபாய் என்று இருந்தது. விலை மாறும், இடையில் சலுகை வரும், திரையில் காட்டுவதுதான் அன்றைய விலை. வருடக் கட்டணத்தில் இரண்டு மாதக் காசு மிச்சம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்: நிறுத்தினால் மறுபடி 15 ஜிபிதான், உள்ளே 40 ஜிபி இருந்தால் மெயில் நிற்கும். இருப்பதை உடனே அழிக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு வருடம் அளவுக்கு மேலேயே விட்டுவைத்தால் அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. கட்ட ஆரம்பித்தால் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"காசு எடுத்துட்டான், ஆனா இன்னும் ஃபுல்லுன்னே காட்டுது"

மூன்று காரணம் இருக்கலாம். போனில் இரண்டு மூன்று ஐடி இருந்து, வேறு ஐடிக்குக் காசு கட்டியிருப்பீர்கள். இதுதான் அதிகம் நடப்பது. பிளே ஸ்டோரில் வலது மேல் மூலை வட்டத்தை அமுக்கினால் எந்த ஐடியில் இருக்கிறீர்கள் என்று தெரியும். போன் வாங்கிய அன்று கடைக்காரர் திறந்து கொடுத்த ஒரு ஐடி, பேத்தி யூடியூபுக்காகப் போட்ட ஒரு ஐடி என்று வரிசையாக இருக்கும். தவறான ஐடிக்கு வாங்கியிருந்தால் அங்கே ரத்து செய்து, பிளே ஸ்டோரில் ரீஃபண்ட் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ஐபோன்காரர்களுக்கு. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி ஐகிளவுட். அது நிரம்பியதும் வாங்கு வாங்கு என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கும். வாங்கினால் ஐகிளவுட் பெருகும், ஜிமெயிலில் ஒரு எம்பிகூடக் கூடாது. இரண்டும் இரண்டு வீட்டுக் கிணறு, ஒன்றில் ஊற்றினால் மற்றதில் ஏறாது. ஜிமெயில் நிரம்பியிருந்தால் கூகுளுக்குத்தான் கட்ட வேண்டும்.

மூன்றாவது, பணம் உண்மையிலேயே நடுவில் நிற்பது. யுபிஐயில் பணம் கழிந்து, கடைக்காரர் பக்கம் உறுதியாகவில்லை என்றால், 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அதனால் 'பெண்டிங்' என்று இருக்கும்போது மறுபடி மறுபடி கட்டாதீர்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அங்கேயே புகார் பதிந்துவிட்டு விடுங்கள்.

"யுபிஐயே காட்டலை, விலையெல்லாம் டாலர்ல இருக்கு"

நம்ம ஊருக்கே உரிய புகார் இது. மகன் சிங்கப்பூரில் வாங்கி, அங்கேயே ஐடி திறந்து, எல்லாம் போட்டுக் கொடுத்த போன். அல்லது நீங்களே கோலாலம்பூரில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தபோது திறந்த ஐடி. அந்தக் கணக்கின் நாடு சிங்கப்பூர் அல்லது மலேசியா என்று பதிந்திருக்கும், அதனால் சிங்கப்பூர் டாலரிலோ மலேசிய ரிங்கிட்டிலோதான் விலை வரும், யுபிஐ என்ற பேச்சே இருக்காது. இங்கே வந்து எத்தனை வருடம் ஆனாலும் தானாக மாறாது.

பிளே ஸ்டோரில் வட்டத்தை அமுக்கி, செட்டிங்ஸ், ஜெனரல், அக்கவுன்ட் அண்ட் டிவைஸ் பிரிஃபரன்ஸஸ் போனால் நாடும் புரொஃபைலும் என்று இருக்கும். இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியா என்று மாற்றி, இங்குள்ள பணம் கட்டும் வழி ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாறுவதற்கு 48 மணி நேரம் வரை ஆகலாம். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம், எனவே தீபாவளிக்கு வந்துவிட்டு தையில் மறுபடி சிங்கப்பூர் போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். பழைய நாட்டுக் கணக்கில் பிளே பேலன்ஸ் மிச்சமிருந்தால் அது இங்கே செல்லாது, முதலில் அங்கேயே செலவழித்துவிடுங்கள். மாற்றும் வசதியே தெரியவில்லை என்றால், போன வருடத்துக்குள் ஒருமுறை மாற்றியிருப்பீர்கள், அல்லது அந்தக் கணக்கு குடும்பக் குழு ஒன்றில் இருக்கும்.

"மகன் 2 டிபி வாங்கியிருக்கான், எனக்கும் பங்கு குடுத்தான், சேரமாட்டேங்குது"

சேராது. கூகுள் ஒன் திட்டத்தை வாங்கியவர் இன்னும் ஐந்து பேருக்குப் பகிரலாம், ஆனால் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். மகன் சிங்கப்பூர், அப்பச்சி (அப்பா) இங்கே கொத்தமங்கலம் என்றால் ஆகாது. சென்னையில் இருக்கிற மகள் வாங்கிப் பகிர்ந்தால் ஆகும். சொல்லப்போனால் பெரியவர்களுக்கு இதுதான் சுலபமான வழி. பணம் ஒருவர் கட்டினால் போதும், ஆச்சி போனில் யுபிஐ, கார்டு எதுவும் வைக்க வேண்டியதில்லை, மகள் இவர்கள் மெயிலைப் பார்க்கவும் முடியாது. இடம்தான் பொது, உள்ளே இருப்பது அவரவருடையது.

"போன மாசம் வரைக்கும் தானா எடுத்தான், இந்த மாசம் நின்னுபோச்சு"

மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் 1 முதல் புது விதி. முதல்முறை நீங்கள் ஓடிபியோ பின்னோ போட்டு அனுமதி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே பேங்க் தகவல் சொல்ல வேண்டும். அந்த அனுமதிக்குத்தான் மேண்டேட் என்று பெயர், யுபிஐயில் ஆட்டோபே என்பார்கள். நின்றுபோனால் வரிசையாகப் பாருங்கள்: அந்த பேங்க் கணக்கில் அன்றைக்குப் பணம் இருந்ததா, கார்டு காலாவதியாகிவிட்டதா, போனோ சிம்மோ மாற்றினீர்களா. யுபிஐ ஓடுவதற்கு பேங்கில் கொடுத்த நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும், சிம்மை வேறு போனில் போட்டால் யுபிஐயை மறுபடி பதிய வேண்டும்.

சரியான பிறகு பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய்ப் பணம் கட்டும் வழியைப் புதுப்பித்துவிடுங்கள். புதிய மேண்டேட் போடும்போது திரையில் உங்கள் கட்டணத்தைவிடப் பெரிய தொகை ஒன்று அதிகபட்சம் என்று காட்டலாம். அது உச்சவரம்பு மட்டும், அவ்வளவும் எடுக்கப்போவதில்லை. இதைப் பார்த்து பயந்து பாதியில் விட்டவர்கள் நிறைய.

நிறுத்த நினைப்பவர்களுக்கு: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன்ஸில் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே என்ற பகுதியில் உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று வரிசையாக இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள், மறந்தே போன ஏதாவது ஒன்று மாதாமாதம் தின்றுகொண்டிருக்கும்.

"ஓடிபி வரவே மாட்டேங்குது"

சிம் தொலைந்து புதுசு வாங்கினீர்களா? மாற்று சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அடுத்தவர் உங்கள் பெயரில் சிம் வாங்கி ஓடிபி பிடிக்காமல் இருக்க வைத்த விதி அது. மறுநாள் முயலுங்கள், அதுவரை பத்துத் தரம் அமுக்கினால் கூகுள் உங்களைத்தான் சந்தேகப்படும்.

ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டதா? முதலில் ரீசார்ஜ். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டோடு ஒரு சிம்மையும் சும்மா விட்டு வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க: 90 நாள் பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனி நிறுத்திவிடலாம், பிறகு அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்கு.

கணக்கு இன்னும் போனில் திறந்திருக்கிறது என்றால் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் மீட்பு நம்பரை இப்போது கையில் இருக்கும் நம்பராக மாற்றுங்கள், இரண்டாவதாக நம்பிக்கையான ஒருவரின் மெயிலைக் கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) ஓடினால் பேக்கப் கோடு என்று 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதைப் போட்டோ எடுத்து அதே போனில் வைத்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. இரண்டு வருடம் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது, ஆகவே சொத்துப் பேப்பர், பேங்க் என்று கொடுத்து வைத்த பழைய ஐடி எதையாவது மறந்திருந்தால் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், தப்புங்குது"

ஜிமெயில் ஆப்பில் இல்லாமல் வேறு மெயில் ஆப்பில் வெறும் பாஸ்வேர்டு அடித்துச் சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூகுள் அந்தப் பழைய முறையை 2022 மே 30க்குப் பிறகு நிறுத்த ஆரம்பித்தது, அவுட்லுக், ஹாட்மெயில் 2024 செப்டம்பர் 16க்குப் பிறகு. கணக்கு சேர்க்கும்போது 'அதர்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'கூகுள்' அல்லது 'அவுட்லுக்' என்பதையே தேர்ந்தெடுத்தால் அவர்களுடைய திரை வந்து, அங்கே பாஸ்வேர்டு கேட்கும். அது ஏற்கும். பழைய ஆப்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்டு என்று 16 எழுத்தில் ஒன்று எடுத்து அதைப் போடலாம்.

காலேஜ் அல்லது ஆபீஸ் கொடுத்த ஐடியாக இருந்தால் உங்களால் ஒன்றும் முடியாது, அங்கே அதைப் பார்த்துக்கொள்பவர் திறந்துவிட வேண்டும்.

"கடை மெயில் வருது, ஆனா போகமாட்டேங்குது"

பலகாரக் கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, பழைய வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள் என்று சொந்தப் பெயரில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இது. வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு வேறு சர்வர், இரண்டையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். வருவதற்கு ஐமேப், எண் 993, எஸ்எஸ்எல். போவதற்கு எஸ்எம்டிபி, எண் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். 25 என்று போட்டிருந்தால் அதுதான் பிழை, மொபைல் நெட்டில் அது பெரும்பாலும் அடைத்திருக்கும். போகும் சர்வருக்கும் யூசர் நேம், பாஸ்வேர்டு போடச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும், அதை விட்டுவிடுவார்கள். யூசர் நேம் என்பது முழு மெயில் முகவரி.

ஸோஹோ மெயில் வைத்திருந்தால் இரண்டு விஷயம். அவர்களுடைய இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, வேறு ஆப்பில் போட்டு முட்டிக்கொள்ளாமல் ஸோஹோவின் சொந்த ஆப்பையே போடுங்கள். காசு கட்டும் திட்டத்தில், சொந்த டொமைன் (மெயில் ஐடியில் @க்குப் பின்னால் வரும் உங்கள் கடைப் பெயர்) என்றால் சர்வர் பெயர் ஐமேப்புரோ என்று தொடங்கும், இந்தியாவில் திறந்த கணக்குக்கு டாட் இன் என்று முடியும். டாட் காம் என்று போட்டு பாஸ்வேர்டைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

ஒரே ஒரு மெயில் மட்டும் அவுட்பாக்ஸில் நிற்கிறது, அதற்குப் பின்னால் மற்றதும் நிற்கிறது என்றால், அதில் பெரிய இணைப்பு இருக்கும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி, மற்ற சர்வர்களில் அதற்கும் குறைவாக இருக்கலாம். இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கல் டிசைன் கேட்டவருக்கு அறுபது போட்டோவை அப்படியே அனுப்பாமல் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

போகிறது, ஆனால் எதிராளியின் ஸ்பாமில் விழுகிறது என்றால் போனில் தேடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புகிற டொமைனுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் பதிவுகள்) இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகப் பார்க்கிறது. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள், அவர் டொமைன் பக்கத்தில் சேர்ப்பார். அவரிடமே டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மெயிலுக்கு ஒழுங்காகக் காசு கட்டிவிட்டு டொமைனுக்குக் கட்ட மறந்தால், ஒருநாள் காலையில் வருவதும் போவதும் இரண்டும் நின்றுவிடும்.

"எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கலை"

முதலில் ஜிமெயில் ஆப்பை அப்டேட் செய்யுங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஆப்பின் கேச்சை (ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருப்பதை) அழியுங்கள். அனுப்பாமல் நிற்கும் மெயில் இருந்தால் அதை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு ஆப்பின் டேட்டாவையும் அழிக்கலாம், சர்வரில் இருக்கிற மெயில் திரும்ப இறங்கிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் இப்போது கணக்கை நீக்கிச் சேர்க்கலாம், ஆனால் நீக்கும் முன் வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே ஐடியும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். போக முடிந்தால் தாராளமாக நீக்குங்கள். போன் நம்பர்கள் கணக்கில் ஏறாமல் போனில் மட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

"உங்க மெயில் இன்னைக்கு ராத்திரி மூடப்படும், 10 ரூபா கட்டுங்கன்னு மெசேஜ் வந்துச்சு"

கட்டாதீர்கள், லிங்கைத் தொடாதீர்கள். கூகுளோ ஆப்பிளோ இடத்துக்கான காசை எஸ்எம்எஸ் லிங்கிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்பதில்லை, உங்கள் போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லிப் பேசுவதும் இல்லை. 10 ரூபாய் என்பது உங்கள் கார்டு எண்ணுக்கும் பின்னுக்கும் போடுகிற தூண்டில். பணம் திருப்பித் தருகிறோம், யுபிஐ பின் போடுங்கள் என்றாலும் அதே கதைதான், பின் என்பது பணம் போவதற்கு மட்டும், வருவதற்குத் தேவையில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்கு போன் செய்து சொல்லுங்கள், பேங்கில் கார்டை நிறுத்துங்கள், பிறகு இன்னொரு போனில் இருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.